செய்திகள் வாசிப்பது யாரோ

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. என்னுடையது வாயாடி. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பேசத்தானே வாய் இருக்கிறது? சாப்பிட மட்டும் என்றால் அது பாதி நேரம் சும்மா கிடக்கும்.

இந்தக் கதையில் வரும் இன்னொருவன் பெயர் துப்பு. அழிரப்பர் காணாமல் போனாலும் சரி, தண்ணீர் பாட்டில் மாறிப்போனாலும் சரி, உடனே துப்பறியக் கிளம்பிவிடுவான். கெட்டவன் இல்லை. எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் பாறை. இந்த வருட ஆண்டு விழாவில் எங்கள் நாடகம் கடலுக்கு அடியில் நடக்கிறது. "யாருக்கு என்ன வேஷம் வேணும்?" என்று டீச்சர் கேட்டபோது சுறா, திமிங்கிலம், கடற்குதிரை என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்காவின் பையன் மட்டும் எழுந்து போய், பலகையில் கடைசியாக எழுதியிருந்த 'பாறை'யின் மேல் விரலை வைத்தான். பாறைக்கு ஒரு வசனமும் கிடையாது. அன்றிலிருந்து அவன் பெயரே பாறை ஆகிவிட்டது.

அவனுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேச்சு திக்கும். சின்ன வகுப்பில் ஒருமுறை ஜோக் சொல்கிறேன் என்று எழுந்தான். முதல் வார்த்தையே வெளியே வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. யாரோ அவனைப் போலவே திக்கிக் காட்ட, வகுப்பே சிரித்தது. அவன் ஜோக்கை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் 'ம்', இல்லையென்றால் 'ம்ஹூம்'.

சரி, இப்போது எலிக்கு வருவோம்.

எங்கள் டீச்சர் இந்த வருடம் 'முக்காடு' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தார். படம், கதை, பாட்டு, குரல்பதிவு, எதை வேண்டுமானாலும் அதன் வழியாக வகுப்புப் பெட்டிக்குள் போடலாம். யார் போட்டது என்று தெரியாது. பக்கத்தில் 'அனுப்பியவர்: யாரோ' என்று மட்டும் வரும்.

"கூச்சப்படுற பிள்ளைங்களும் தைரியமா போடலாம்" என்றார் டீச்சர். "ஆனா போட்டா போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது. அதனால யோசிச்சுப் போடுங்க."

எல்லார் வீட்டு போனிலும் முக்காடு ஏறியது. முதலில் பூ வந்தது, சூரியன் வந்தது, பூவும் சூரியனும் சேர்ந்து வந்தன. பிறகு ஒருநாள் கீச்சுக் குரலில் எலி வந்தது.

"கீச் கீச். வணக்கம். எலிச் செய்திகள். வாசிப்பது யாரோ. முதலில் ஓர் அறிவிப்பு. கணக்கு சாரின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. கடைசியாகப் பார்க்கப்பட்ட இடம், அவருடைய தலை. கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு இரண்டு கூட்டல் கணக்கு இலவசம். அடுத்து வானிலை. பிற்பகலில் கடைசி பெஞ்சில் கனத்த தூக்கம் பெய்யும். குறட்டை இடிக்கவும் வாய்ப்பு உண்டு."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கணக்கு சாரும் கேட்டுவிட்டு, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

எலிக்கு நல்ல மனசும் இருந்தது. ஒருநாள் நான் மைதானத்தில் எல்லார் முன்னாலும் குப்புற விழுந்தேன். முகமெல்லாம் மண். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழாயடியில் முகம் கழுவுவது போல அழுதேன். அன்று மாலை எலி வாசித்தது: "விளையாட்டுச் செய்தி. மைதானத்தில் இன்று வாயாடி மோதியதில் மண்ணுக்குப் பலத்த அடி. வாயாடி நலம்." மறுநாள் எல்லாரும் என்னிடம் வந்து, "மண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எலி யார் என்று தெரியாமல் துப்பு தவித்துப் போனான். முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டான்.

"நீதான் ஓயாம பேசுற. நீதானே எலி?"

"நானா இருந்தா செய்தி இவ்வளவு சீக்கிரம் முடியுமா?" என்றேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு என்னை விட்டுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

"எங்க மாமா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கார். நாளன்னிக்கு எலியோட ஃபைல் எல்லாத்தையும் அவர்கிட்ட காட்டப் போறேன். உள்ள ஏதாவது அடையாளம் இருக்கும்னு சொல்லியிருக்கார். திங்கக்கிழமை எலியை வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டு வரேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் லேப்டாப் கேட்டேன். அண்ணன் கல்லூரியில் படிக்கிறான். காலையில் அவனை எழுப்புவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எலியின் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து அவனுக்கு அலாரமாக வைப்பது என் திட்டம்.

"எதுக்கு லேப்டாப்?"

"படிக்க."

"பொய்."

"சரி, படிக்க இல்ல. ஆனா உனக்கு நல்லதுதான் பண்ணப் போறேன்."

அவன் சந்தேகத்தோடுதான் கொடுத்தான். நான் எலிச் செய்தியை லேப்டாப்பில் இறக்கினேன். சிரிப்பை வெட்டுவதற்குப் பதில் மவுஸில் வேறு பொத்தானை அழுத்திவிட்டேன். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் 'விவரங்கள்' என்று இருந்தது. சும்மா அழுத்திப் பார்த்தேன். அம்மாவின் போனில் இப்படி ஒன்று வந்ததே இல்லை.

ஒரு கட்டம் திறந்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிசு, என்ன தேதி என்று ஏதேதோ இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி.

'பதிவு செய்த கருவி: டெய்லர் அக்கா கடை.'

நான் கட்டத்தை மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தேன். அதேதான். இன்னொரு எலிச் செய்தியை இறக்கிப் பார்த்தேன். அதிலும் அதேதான்.

"அண்ணா, முக்காடு பேரை மறைச்சிடும்ல?"

"யாரு அனுப்பினாங்கன்னு மறைச்சிடும். ஃபைலுக்குள்ள என்ன ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அது பாக்காது." அண்ணன் போனில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "சில போன்ல பேசிப் பதிவு பண்ணா, போனோட பேரு தானா ஃபைல்ல ஏறிடும். முகத்தைத் துணியால மூடிக்கிட்டு, சட்டையில குத்தின பேட்ஜைக் கழட்டாம போற மாதிரி."

"அப்போ அதை எப்படி எடுக்கறது?"

"போன் பேரை முன்னாடியே மாத்திட்டுப் பதிவு பண்ணணும். அனுப்பினதுக்கு அப்புறம் கேட்டா? ஒண்ணும் பண்ண முடியாது. ஏன், என்னத்தைப் போட்டுத் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் போடல" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அலாரம் எனக்கு மறந்தே போய்விட்டது.

டெய்லர் அக்கா வீட்டில் இரண்டே பேர்தான். அக்கா, பாறை. அக்காவுக்குக் கணக்கு சாரின் கண்ணாடி பற்றி என்ன தெரியும்? ஆனால் பாறையா? அந்தக் கீச்சுக் குரல் மூச்சு விடாமல் பேசுகிறதே.

அப்போதுதான் எனக்குப் பாட்டு வகுப்பு ஞாபகம் வந்தது. பாடும்போது பாறைக்கு ஒரு சொல்கூடத் திக்காது. கீச்சுக் குரலில் பேசும்போதும் அப்படித்தான் போலிருக்கிறது. எலியாக மாறிக்கொண்டால் அவனால் எல்லாரையும் போலப் பேச முடிகிறது. இல்லை, எல்லாரையும்விட நன்றாகப் பேச முடிகிறது. இத்தனை நாளும் என்னை, எங்கள் எல்லாரையும் சிரிக்க வைத்தவன் அவன்தான்.

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் அவனைத் திட்டப் போவதில்லை. எலி என்றால் எல்லாருக்கும் உயிர். சிக்கலே அதுதான். எல்லாரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, "பேசு, பேசு, எலி மாதிரி பேசு" என்பார்கள். அவன் வாயைத் திறப்பான். இத்தனை பேர் பார்க்கும்போது வார்த்தை வராது. யாராவது ஒருவர் சிரிப்பார். அதோடு எலியும் போய்விடும், அவன் பேசுவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விடும்.

எப்படியாவது தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். முக்காட்டில் ஒரு செய்தி அடித்தேன். 'எலியே, ஜாக்கிரதை. ஃபைலின் விவரங்களில் உன் போன் பெயர் தெரிகிறது.' அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. இதை எலி மட்டுமா படிக்கும்? வகுப்பே படிக்கும். வகுப்பே போய் விவரங்களைத் திறந்து பார்க்கும். அவசர அவசரமாக அழித்தேன்.

அம்மாவின் போனில் டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், முக்காடுல போட்டதை அழிக்க முடியுமா?"

"முடியாதேம்மா. ஏன்?"

"யாரு போட்டதுன்னு தெரிஞ்சுட்டா என்ன பண்றது?"

"தெரியவே தெரியாது. அதுக்குத்தானே முக்காடு. நீ பயப்படாம போடு. என்ன போடப் போற, கவிதையா?"

இதற்கு மேல் எதைச் சொன்னாலும் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று கேட்பார். "கவிதைதான் டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இவ்வளவு இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு அதுதான் முதல்முறை.

மறுநாள் சனிக்கிழமை. நாடக உடைக்கு அளவு கொடுக்க எங்கள் வகுப்பே டெய்லர் அக்கா கடைக்குப் போனது.

கடை ஒரே அறைதான். நடுவில் துணி வெட்டும் பெரிய மேஜை. ஒரு பக்கம் தையல் மெஷின். பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மேஜை. பாறை அங்கே நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் கழுத்தில் அளவு நாடா. உதட்டில் எப்போதும் குண்டூசிகள். அதனால் அவர் பேசுவதெல்லாம் பல்லிடுக்கில் இருந்துதான் வரும்.

துப்புவுக்குச் சுறா வேஷம். தன் முறை வரும்வரை அவனால் சும்மா நிற்க முடியவில்லை. மேஜை மேல் இருந்த பெரிய கத்தரியை எடுத்துப் பார்த்தான்.

"டேய், கத்தரியைக் கீழ வை, விரல் போயிடும்" என்று அக்கா பல்லிடுக்கில் இருந்து அதட்டினார். "சும்மா இருக்க முடியலைன்னா இந்தா, போனை வெச்சுக்கிட்டு விளையாடு."

சாக்பீஸ் பொடி அப்பிய பழைய போன் ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

எனக்குச் சட்டென்று மூளை விழித்துக்கொண்டது. போன மாதம் என் சட்டைக்குக் கை வைத்துத் தைக்க வந்தபோது நானும் ஊசி டப்பாவைக் குடைந்தேன். எனக்கும் இதே போனைத்தான் கொடுத்தார். கடைக்கு வருகிற எந்தப் பிள்ளை கத்தரியைத் தொட்டாலும், ஊசியைத் தொட்டாலும், அக்கா செய்வது இதைத்தான். அப்படியென்றால் இது பாறையின் போன் மட்டுமா? எங்கள் எல்லாருடைய போனும்தானே?

"எல்லாரும் கேளுங்க" என்று கத்தினேன். "எலி மாதிரி யாருக்குப் பேச வரும்? இங்கேயே போட்டி வெச்சுக்கலாம். இந்த போன்ல பேசி, முக்காடுல போட்டுடலாம்."

காத்திருந்து காத்திருந்து எல்லாரும் அலுத்துப் போயிருந்தார்கள். உடனே போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடற்குதிரை முதலில் பேசினாள். அவளுக்குக் கீச்சை விடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. திமிங்கிலம் 'கீச்' என்றது பேருந்து பிரேக் போட்டது போல இருந்தது. நானும் பேசினேன். துப்பு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"துப்பறியறவன் இந்த மாதிரி சின்னப்பிள்ளைத்தனம் எல்லாம் பண்ண மாட்டான்."

"விடு, உனக்கு வராது" என்றேன்.

"யாருக்கு வராது? குடு இங்க."

அவன் பேசியதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

இதையெல்லாம் பாறை திரை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான். திரையை இழுத்து மூடிக்கொண்டான். நான் எலியைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். ஓடிப்போய், அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கடை முழுக்க ஆட்கள். எப்படிச் சொல்வது?

ஒவ்வொருவராக அளவு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றேன். எனக்கு ஆக்டோபஸ் வேஷம். எட்டுக் கைக்கும் அளவு எடுக்க நேரம் பிடிக்கும் என்று அக்கா என்னைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்.

"உனக்கு இருக்கறது ரெண்டு. மீதி ஆறு கைக்குப் பஞ்சு அடைச்சுத் தைக்கணும்" என்று அலுத்துக்கொண்டார். "உங்க டீச்சருக்கு வேற மீனே கிடைக்கலையா?"

"ஆக்டோபஸ் மீன் இல்லக்கா."

"எதுவா இருந்தா என்ன, எனக்கு இடுப்பு ஒடியுது."

நான் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி போய்வரும் சத்தம் கேட்டது.

"அக்கா, உங்க போனுக்கு ஒரு பேரு இருக்கு, தெரியுமா?"

"போனுக்குப் பேரா?"

"ஆமா. 'டெய்லர் அக்கா கடை'ன்னு இருக்கு."

"வாங்கின அன்னிக்கு போன் கடைத் தம்பி போட்டுக் குடுத்தது. அதுக்கென்ன?"

"இதுல யாராவது பேசிப் பதிவு பண்ணா, அந்தப் பேரு ஃபைலோடவே ஒட்டிக்கிட்டுப் போயிடுதுக்கா. முக்காடு அதை மறைக்கறது இல்ல. கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தா தெரிஞ்சிடும். துப்பு நாளைக்கு அவங்க மாமாகிட்ட காட்டப் போறான்."

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது.

அக்காவைப் பார்த்துக்கொண்டே, திரைக்கும் கேட்கும்படி பேசினேன்.

"ஆனா கவலைப்பட வேணாம். இன்னிக்கு எங்க வகுப்பே உங்க போன்ல பேசியாச்சு. துப்புவும் பேசிட்டான். அந்தப் பேரைப் பாத்தா இனிமே யாரை வேணா சந்தேகப்படலாம். அதுக்குத்தான் போட்டியே வெச்சேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் எதுக்குடி கவலைப்படணும்? நீ சொல்றதுல எனக்கு ஒரு எழுத்தும் புரியல. கையை நேரா நீட்டு."

"இனிமே ஒட்டாம இருக்க, போன் பேரை மாத்திடட்டுமாக்கா?"

"மாத்திக்கோ. யாரோட நம்பரையும் அழிச்சிடாத."

அமைப்புகளுக்குள் போய் 'டெய்லர் அக்கா கடை'யை அழித்தேன். 'யாரோ' என்று எழுதினேன்.

"இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாதுக்கா. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா? சொல்லாம இருப்பியா?" அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு குண்டூசி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார். "என்னடா அது கருகற வாசனை? டேய், பெட்டியைத் தூக்குடா, துணி தீயுது."

திரைக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியை அவசரமாகத் தூக்கும் சத்தம் கேட்டது. நான் அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை துப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தான். எல்லாரும் அவனை மொய்த்துக்கொண்டார்கள்.

"எலியோட எல்லா ஃபைல்லயும் ஒரே பேரு இருக்கு" என்றான். எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "டெய்லர் அக்கா கடை."

வகுப்பு முழுவதும் பாறையின் பக்கம் திரும்பியது. அவன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"இவனா?" என்றாள் கடற்குதிரை. "போடா. இவனுக்கு ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல வராது."

சிலர் சிரித்தார்கள். அவன் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தப் பேச்சு உதவும்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நான் எழுந்தேன். "துப்பு, சனிக்கிழமை நாம பேசினோமே, அதையும் உங்க மாமா பாத்தாரா?"

"அது எதுக்கு? அது சும்மா விளையாட்டு."

"நல்லாத் துப்பறியறவங்க எல்லாத்தையும் பாப்பாங்க."

அது அவனுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து டீச்சரும் வந்தார். அவரிடம் கேட்டு, வகுப்புக் கம்ப்யூட்டரில் சனிக்கிழமைப் பதிவுகளைத் திறந்தான். திமிங்கிலத்தின் பதிவு: டெய்லர் அக்கா கடை. கடற்குதிரையின் பதிவு: டெய்லர் அக்கா கடை. என்னுடையதும் அதேதான். கடைசியில் தன்னுடைய நீளமான பதிவைத் திறந்தான். அதிலும் அதேதான் இருந்தது.

"அப்போ நீதான்டா எலி" என்றது திமிங்கிலம்.

"நானா? நான்தானே தேடிக்கிட்டு இருக்கேன்?" பதற்றத்தில் துப்புவின் குரல் கீச்சென்று உடைந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அவன் விடவில்லை. "எலி போன மாசமே வந்துடுச்சு. அப்போ நாம யாருமே கடைக்குப் போகல."

"நான் போனேனே, பை ஜிப் மாத்த" என்றாள் கடற்குதிரை. "அக்கா எனக்கு போன் குடுத்தாங்க."

"எனக்கும் குடுத்தாங்க, நான் கத்தரியை எடுத்தப்ப" என்றது திமிங்கிலம்.

"நானும் போனேன்" என்றேன். "நீதான்டா பேன்ட்டைக் கிழிச்சுக்கிட்டு வாரா வாரம் போற. அந்த போன் முக்கால்வாசி நேரம் உன் கையிலதான் இருக்கு."

துப்பு குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டான். தன்னையே சந்தேகப்படுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் வெளியில தெரியுதா?" என்றார் மெதுவாக. "எதுவுமே தெரியாதுன்னு உங்ககிட்ட அடிச்சுச் சொன்னேனே. எனக்கே தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. இதை எப்படி எடுக்கறதுன்னு நான் கத்துக்கிட்டு வந்து உங்க எல்லாருக்கும் காட்டறேன். அதுவரைக்கும் யாரும் யாரோட ஃபைலையும் குடைய வேணாம்."

நான் பாறையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கைகள் பெஞ்சை விட்டிருந்தன.

அதற்கு அடுத்த நாள் எலி வந்தது.

"கீச் கீச். வணக்கம். எலிச் செய்திகள். வாசிப்பது யாரோ. எலியைப் பிடிக்கப் போன சுறா ஒன்று தன் வாலையே பிடித்துக்கொண்டு திரும்பியது. சுறாவின் விடாமுயற்சியை எலிகள் சங்கம் பாராட்டுகிறது. பரிசாக ஒரு பேன்ட்."

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது துப்புதான். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டான்.

நான் வீட்டுக்குப் போனதும் அண்ணனின் லேப்டாப்பில் விவரங்களைத் திறந்து பார்த்தேன். 'பதிவு செய்த கருவி: யாரோ' என்று இருந்தது. அப்பாடா என்று கட்டிலில் விழுந்தேன்.

அந்த வாரம் நாடக ஒத்திகை முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பாறை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். வேறு யாரும் இல்லை.

"எ... எலிக்கு" என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. நான் குழாயை மூடிவிட்டு நின்றேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

"எலிக்கு ஒரு பூ... பூனை வேணும்."

"செய்தி வாசிக்கிற பூனையா?"

"ம். வி... விளையாட்டுச் செய்தி. நீ வாசி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரம் பயமாகவும் இருந்தது. "என்னைப் போய்க் கேக்கறியே. நான் யார்கிட்டயாவது உளறிட்டேன்னா?"

பாறை சிரித்தான்.

"உ... உளற மாட்ட" என்றான். "சனிக்கிழமையே தெ... தெரிஞ்சுது."

அன்று சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தடித்த குரலில், மெல்லிய குரலில், மூக்கால் என்று விதவிதமாக மியாவ் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் கதவைத் தட்டினான்.

"உள்ள என்ன நடக்குது?"

சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.